அடித்தவள் புள்ளி

என் நாத்தனார் வந்து இறங்கிய அன்றே என் மரக்கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். நான் குள்ளம். பட்டடைக் கல்லின் முன் அந்தக் கட்டையின் மேல் ஏறி நின்றால்தான் என் சம்மட்டி சரியான உயரத்தில் இறங்கும். அவள் நெட்டை, அவளுக்குக் கட்டை தேவையில்லை. பேசாமல் தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இது எதுக்கு இங்க? தடுக்கி விழவா?" என்று கேட்க வேறு செய்தாள்.

அவள் என் கணவரின் அக்கா. வாய் நிறைய "அண்ணி" என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் கூப்பிடுவதை எழுத முடியாது.

குற்றம் என் தோளுடையது. வலது தோளுக்குள் ஏதோ நார் கிழிந்துவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கனமான எதையும் தூக்கிவிடாதீர்கள் என்றார். அஞ்சு கிலோ சம்மட்டி என்றேன். "வீட்டு வேலைன்னு சொன்னீங்களேம்மா" என்றார். "எங்க வீட்டு வேலையே அதுதாங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வேலை வந்து சேர்ந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர், கறாரான பெண்மணி, நேரில் வந்து அடுக்குக் கத்திகள் மூன்று கேட்டார். அந்த மூன்றும் கைக்குப் பிடித்துவிட்டால் அவருடைய சமையலறை முழுவதற்கும் நாங்கள்தான். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு வேலை வந்ததில்லை.

அடுக்குக் கத்தி ஒற்றை இரும்பில் வருவதல்ல. இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி, வெள்ளையாகப் பொறி பறக்கும்வரை காய்ச்சி, அடித்து ஒட்ட வேண்டும். ஒட்டியதை நீட்டி, நடுவில் வெட்டி, மடித்து மறுபடியும் ஒட்ட வேண்டும். பதினொரு தகடு இருபத்திரண்டாகும், நாற்பத்து நாலாகும், எண்பத்தெட்டாகும். கடைசியில் தேய்த்து அமிலத்தில் போட்டால் ஒரு எஃகு கறுக்கும், மற்றது வெளுக்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் வரிகள் கண்ணுக்குத் தெரியும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். இடுக்கியில் இரும்பைப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி இடம் காட்டுவது என் கணவர். அந்த இடத்தில் சம்மட்டியை இறக்குவது நான். எனக்குப் பதிலாக அடிக்கத்தான் அவர் தன் அக்காவை வரவழைத்தார்.

என் கணவரைத் தெருவில் ஊமைக் கொல்லர் என்பார்கள். ஊமையெல்லாம் இல்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். சாப்பாடு எப்படி என்றால் தட்டைக் காலி செய்து காட்டுவார். கல்லின் முன் நின்றால்தான் அவருக்கு வாய் திறக்கும். மெல்லத் தட்டினால் மெல்ல அடி. அழுத்தித் தட்டினால் ஓங்கி அடி. இரும்பை விட்டுக் கல்லின் மேல் ஒரு தட்டு வைத்தால் போதும், நிறுத்து. பத்தொன்பது வருஷத்தில் வீட்டில் அவர் என்னோடு பேசியதைச் சேர்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையாது. கல்லின் முன் பேசியதற்கு அளவே இல்லை. அந்தப் பேச்சு எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி என் தோல் ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் பழக்கிவைத்திருந்த முடிச்சை அவிழ்த்துத் தன் இடுப்புக்குக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இங்கே அடித்தவள்தான். எனக்கும் தெரியும். ஆனால் இருபது வருஷமாகத் தையல் மெஷின் மிதித்தவளுக்குக் கை மறந்திருக்கும், தடுமாறுவாள், பாவம், நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பேன் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் தட்டினார். அவள் அடித்தாள். அவர் தட்டினார். அவள் அடித்தாள். ஓர் அடி பிசகவில்லை. எனக்கென்று இருந்த பேச்சை அவர் முதலில் அவளிடம்தான் பேசியிருக்கிறார் என்பது பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எனக்கு வாய்த்தது அக்கா விட்டுப் போன மிச்சம்.

டீ குடிக்கும்போது அவள் ஏதோ சொன்னாள், சின்ன வயதில் அவர் இடுக்கியால் அப்பாவின் செருப்பைப் பிடித்து உலையில் காட்டிய கதை. அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, டீ சிந்தச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டி இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, எனக்கு அதைத் திருகத் தெரியவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்தது. போய்ப் பாத்திரம் கழுவினேன்.

எதிர்க்கடை சைக்கிள்காரர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "என்னம்மா, உங்க பட்டறைச் சத்தமே மாறிப்போச்சே. இப்பதான் சுருதி சேர்ந்திருக்கு."

"உங்க காதுல பஞ்சர்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, சம்மட்டி அவளுக்குப் போனது, தகடு தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. உட்கார்ந்து சக்கரத்தில் பிடித்துச் செய்கிற வேலை. தகட்டின் மேல் கரிய தோல் ஒன்று படிந்திருக்கும். இரண்டு பக்கமும் அது போய் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்க்க வேண்டும். கட்டைவிரல் அகலம் கறுப்பு இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது. ஒட்டாமல் போனால் யாரும் தகட்டைச் சந்தேகப்பட மாட்டார்கள். முதல் அடி தாமதம் என்பார்கள், சூடு இறங்கியபின் அடித்தாள் என்பார்கள். எல்லாப் பட்டறையிலும் பழி அடித்தவர் தலையில்தான். நானே ஆரம்ப வருஷங்களில் அப்படி எத்தனையோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கத்திக்கு ஓர் அடுக்கு. முதல் கத்திக்குப் பதினொரு தகடு. ஐந்தைத் தேய்த்து முடித்து ஆறாவதைக் கையில் எடுத்தபோது உள்ளேயிருந்து மறுபடியும் அந்தச் சிரிப்பு கேட்டது. ஒரு பக்கம் தேய்த்தேன். மறுபக்கம் ஓரமெல்லாம் தேய்த்தேன். நடுவில் கட்டைவிரல் அகலத்தை அப்படியே விட்டு, மேலே ஏழாவதை வைத்து மூடினேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு காலை வேலை வீணாகும். அண்ணிக்குக் கை போய்விட்டது என்று அவர் நினைப்பார். அவள் பெட்டியைக் கட்டுவாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பொறாமைக்கு அதற்கு மேல் மூளை கிடையாது.

கம்பி கட்டிய அடுக்கு உலையில் வெளுத்தது. வெண்காரம் கண்ணாடியாக உருகி ஓடியது. அவர் இழுத்துக் கல்லின் மேல் வைத்து நடுவில் தட்டினார். அண்ணியின் சம்மட்டி இறங்கியது. நான் வாசற்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கெட்டியான சத்தத்துக்கு நடுவே, மெலிதாக, ஒரு செத்த சத்தம். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஒருவேளை உலையின் இரைச்சலில் கேட்கவில்லையோ என்னவோ. அதற்குள் அண்ணி, அவர் தட்டுவதற்கு முன்னாலேயே, அதே இடத்தில் இன்னோர் அடி வைத்தாள். கேட்காமல் அடிப்பது பட்டறையில் பெரிய குற்றம். நான் அப்படி அடித்திருந்தால் அவர் சுத்தியலைக் கீழே வைத்திருப்பார். அவளிடம் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். அக்கா உடைத்தால் குடமே உடையவில்லை போலிருக்கிறது.

அந்த அடியில் விளிம்பெல்லாம் கச்சிதமாக மூடிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோடுகூட இல்லை. வெண்ணெய்க் கட்டி மாதிரி ஒரே பாளமாக இருந்தது. என் கறுப்பு பத்திரமாக உள்ளே உட்கார்ந்துகொண்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து அவர், "அக்கா கை இன்னும் அப்படியே இருக்கு" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, உலையைப் பார்த்துச் சொன்னார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மடிக்க மடிக்க அடுக்கு மட்டுமா இரட்டிக்கும்? முதல் மடிப்பில் என் கட்டைவிரல் கறுப்பு இரண்டாயிற்று. அடுத்ததில் நாலு. மூன்றாவது மடிப்பை நான் பார்க்கவே போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து காதில் விழும் அடியை எண்ணிக்கொண்டிருந்தேன். கறுப்பு இப்போது எட்டு. அந்த ஹோட்டல் பெண்மணி எதையாவது ஓங்கி வெட்டும்போது அலகு பிளந்து தெறிக்கும். யார் முகத்தில், யார் கையில் என்று தெரியாது. இதற்கிடையே அவர் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு முழு வாக்கியம் பேசினார். "அக்கா, வேலை முடியற வரைக்கும் இரு. அவளுக்கும் ரெஸ்ட் கெடைச்ச மாதிரி இருக்கும்." நான் கேட்டேனா ரெஸ்ட்? குழம்புக் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கத்தி உருவத்துக்கு வந்துவிட்டது. இன்னும் பதம் ஏற்றவில்லை, தேய்க்கவில்லை. அதற்கு முன்னால் முத்திரை குத்துவது எங்கள் பட்டறை வழக்கம். பிடிக்குள் போய் மறையும் பாகத்தில் ஓர் இலை குத்துவோம், அது பட்டறையின் முத்திரை. இலைக்குப் பக்கத்தில் கூர் உளியால் புள்ளி வைப்போம், அது அடித்தவருடையது. என் மாமியாருக்கு ஒரு புள்ளி. அண்ணிக்கு இரண்டு. எனக்கு மூன்று. வெளியாள் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் என்றைக்காவது கத்தி பிடி மாற்றத் திரும்பி வந்தால், கழற்றிப் பார்த்து யாரைப் பாராட்டுவது, யாரைத் திட்டுவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? என் மாமனார் திட்டுவதற்காகவே புள்ளி வைக்கச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு பெரிய இடத்துக்குப் போகும் கத்தியில் இரண்டு புள்ளி வைக்கப்போகிறார்களே என்று, அந்த நிலைமையிலும், கத்திக்குள் எட்டு ஓட்டை இருக்கிறது என்று தெரிந்த அந்த நிலைமையிலும், எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் இலையைக் குத்தி முடித்துவிட்டு உளியை அண்ணியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மூணு வை" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ பட்டறைடா இது. தகடெல்லாம் தேச்சுக் கட்டிக் குடுத்தது யாரு? நான் நாலு நாள் வந்து நின்னுட்டுப் போறவ. அவ புள்ளியே இருக்கட்டும்."

அவர் கண் கலங்கிவிட்டது. மூன்று முறை உளியைத் தட்டினார். டக், டக், டக். ஒவ்வொன்றும் என் மண்டையில் இறங்கியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதைப் போல, நான் கெடுத்த கத்தி என் பெயரோடு கல்லின் மேல் கிடந்தது. அதைவிடப் பெரிதாக வலித்தது அவளுடைய நல்ல மனது. எவளை விரட்ட வேண்டும் என்று நினைத்தேனோ அவள் தன் இடத்தை எடுத்து எனக்குக் கொடுக்கிறாள். கெடுதல் நினைத்தவள் நான், விட்டுக்கொடுத்தவள் அவள்.

"அது போகக் கூடாது" என்றேன்.

"என்ன?" என்றார்.

"உள்ள ஒட்டியிருக்காது. ஆறாவது தகடு. நடுவுல தேய்க்காம விட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். "மறந்துபோய் இல்ல. வேணும்னேதான் விட்டேன். அண்ணிக்குக் கெட்ட பேர் வரட்டும்னு."

அவர் கத்தியின் நுனியைச் சிறிய சுத்தியலால் சுண்டிப் பார்த்தார். மணி மாதிரி ஒலிக்க வேண்டியது மரப்பலகை மாதிரி டொக்கென்றது. பிறகு பிடிகருவியில் இறுக்கி, வெறும் கையால் வளைத்தார். நடுவில் தோல் உரிவதைப் போல் ஓர் அடுக்கு எழும்பியது, அதற்கடுத்து இன்னொன்று. நனைந்த புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி விரிந்துகொண்டு நின்றது.

நான் அண்ணியைப் பார்த்தேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன், வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. பத்து கிலோ பாரத்தை இறக்கிவைத்தவள் மாதிரி இருந்தாள்.

"அப்ப," என்றாள், "தப்பு என் கையில இல்லையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உறைக்க இன்னும் இரண்டு நொடி ஆனது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் ஏப்ரன் முடிச்சை நோண்டினாள்.

"அண்ணி. தெரியுமா, தெரியாதா?"

"மொத அடியிலயே தெரிஞ்சுது. உள்ள சத்தம் செத்திருந்துச்சு. என் அடிதான் லேட்டுன்னு நெனச்சேன். மூடிரும்னு இன்னொண்ணு போட்டேன். சொன்னா, உனக்கு வயசாயிருச்சு, போதும், ஊருக்குப் போன்னு அனுப்பிருவான்."

"அதனால என் புள்ளியா?"

அவள் சம்மட்டியை எடுத்து ஓரமாகச் சாத்தினாள்.

"கெட்ட கத்தின்னு தெரிஞ்சே மூணு வைக்கச் சொன்னீங்களா? நான் இங்க உருகிப்போய் நிக்கிறேன்!"

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்று அவளும் எகிறினாள். "பத்தொம்பது வருஷமா நான் நின்ன எடத்துல நின்னியே, ஒரு நாள் என்னை நெனச்சியா? நான் கல்யாணமாகிப் போன மறு வருஷம் அப்பா லெட்டர் போட்டாரு. என்னம்மா எப்படி இருக்கேன்னு ஒரு வரி. மிச்சம் பூரா நீ. 'புது மருமகள் அடி உன் அடியைவிட சுத்தம்.' இப்படி எழுதறாரு, பெத்த பொண்ணுக்கு. அந்த லெட்டர இன்னும் வெச்சிருக்கேன். எரிஞ்சா எடுத்துப் படிப்பேன்."

என் மாமனார் உயிரோடு இருந்த காலம் முழுக்க என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கைய மாத்திப் பிடி." ஒரு தடவையாவது நன்றாக அடிக்கிறாய் என்று சொல்ல மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். சொல்லியிருக்கிறார், சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டு.

"அந்த லெட்டர எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

"காட்ட மாட்டேன்" என்றாள் அவள்.

அவர் பிளந்த கத்தியைப் பிடிகருவியிலிருந்து கழற்றி, பழைய இரும்புக் குவியலில் போட்டார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் குடும்ப வரலாற்றிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"நாளையிலேருந்து தகடு நான் தேய்க்கிறேன். யார் தேச்சாலும் எனக்கு நம்பிக்கையில்ல. நீ சின்னச் சுத்தியல் எடுத்துக்க, அதுக்குத் தோள் வேணாம், மணிக்கட்டு போதும். அக்கா அடிக்கட்டும். சத்தம் செத்தா ரெண்டு பேருக்கும் கேக்கும். யாரும் யார்கிட்டயும் மறைக்க முடியாது."

பத்தொன்பது வருஷத்தில் நான் அந்தச் சுத்தியலைத் துடைத்து மாட்டியிருக்கிறேன், அதை வைத்து இடம் காட்டியதில்லை. மறுநாள் காலை அடுக்கு வெளுத்து வந்தபோது இடது கையில் இடுக்கியோடு வலது கையில் சுத்தியலை எடுத்தேன். அண்ணி சம்மட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் நான் காட்டாமல் அவளால் அடிக்க முடியாது, அவள் அடிக்காமல் என் தட்டுக்கு மதிப்பில்லை. நடுவில் தட்டினேன். அடித்தாள். கெட்டியான சத்தம். பக்கத்தில் தட்டினேன். அடித்தாள். நடுவிலிருந்து விளிம்புக்கு, வெண்காரம் பொறியாகத் தெறிக்க, நான் நினைத்த இடத்தில் நினைத்த கனத்தில் அடி இறங்கியது. எட்டாவது அடிக்குப் பிறகு எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. இந்தப் பேச்சை இந்தப் பக்கத்திலிருந்து பேசினால் இவ்வளவு சுகம் என்று இத்தனை வருஷம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

முதல் மடிப்பு முடிந்து அடுக்கை மறுபடியும் உலையில் வைத்தோம். அண்ணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏய் குள்ளச்சி, நல்லாத்தான் காட்டற" என்றாள். "உங்களுக்கும் நெட்டையா இருந்தாலும் காது கேக்குது" என்றேன். அவள் சிரித்தாள். என்னாலும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கல்லைப் பிடித்துக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

எதிர்க்கடையிலிருந்து சைக்கிள்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்குப் புதுச் சத்தமா இருக்கே! இதுவரைக்கும் கேட்டதுலயே இதான் ஜோரு" என்று கத்தினார்.

மூலையில் தேய்க்கும் சக்கரம் நின்றது. அவர் அடுத்த கத்திக்கான தகடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் சிரித்த மாதிரிதான் இருந்தது. கண் கல்லின் மேல் இருந்தது, அவர் நிற்கிற இடத்தில் நின்ற என் காலின் மேல் இருந்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பல நாளாக அதைத்தான் நான் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

சுத்தியலைக் கீழே வைத்தேன். நேராகப் போய், அவர் தேய்த்து அடுக்கியிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். அண்ணி சம்மட்டியைச் சாத்திவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

"எனக்கும் காட்டு" என்றாள்.